மேல்மாடியில் உப்பு

இரவு இரண்டேகாலுக்கு
என் கூரையில் யாரோ சொடக்குப் போடுகிறார்கள்.
ஒன்று.
பிறகு அடுத்தடுத்து இரண்டு.
பிறகு, நான் தூங்கிவிட்டேனா என்று பார்ப்பதுபோல
நெடுநேரம் ஒன்றுமில்லை.

கணப்புக் குழாய் குளிரில் சுருங்கும் ஒலி எனக்குத் தெரியும்.
கீழ் ஸ்தாயியில், சலிப்போடு வரும்.
கட்டோவிட்சே நகரத்துப் பியானோக்களுக்குச்
சுருதி கூட்டிப் பிழைக்கிறவள் நான்.
எந்த வீட்டில் எந்தக் கட்டைக்குப் பல்வலி என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
இது குழாய் இல்லை. மரமும் இல்லை.
எலும்பு கல்லைத் தட்டுகிற சத்தம்.

பதினோராம் இரவு
நைட்டிமேல் கோட்டு மாட்டிக்கொண்டு மாடியேறினேன்.
சண்டைக்கான சொற்களைப் படிக்கட்டிலேயே
அடுக்கி வைத்திருந்தேன்.

அலோய்ஸ் கதவைத் திறந்தார்.
ஒரு கையில் சிவப்புத்தாள் சுற்றிய டார்ச்,
மறு கையில் கழுத்து அறுத்த தண்ணீர் பாட்டில்.
"உங்களுக்கும் கேட்குதா?" என்றார்,
தனக்குப் பைத்தியமில்லை என்று
அப்போதுதான் தெரிந்துகொண்டவர்போல.

சோபா இருக்கவேண்டிய இடத்தில் கடல் இருந்தது.

பகலில் அவருக்கு மூடிய சுரங்கத்தில் வேலை.
கரி தீர்ந்தும் ஊற்று தீரவில்லை;
இறைக்காமல் விட்டால் பக்கத்துச் சுரங்கம் மூழ்கும்.
எட்டு மணிநேரம் பூமிக்கடியிலிருந்து
உப்புநீரை வெளியே தள்ளிவிட்டு வந்து
வாளியில் நல்ல தண்ணீரைப் பிடித்து
உப்பைக் கொட்டிக் கலக்குகிற மனிதர்.
"அதையே கொண்டுவரலாமே?" என்றேன்.
"அதில் பேரியம் இருக்கு. பவளம் தாங்காது" என்றார்.
அதற்குமேல் அதில் வேடிக்கை எதுவும்
அவருக்குத் தெரியவில்லை.

ஒரு நோட்டு வைத்திருந்தார்.
கால்சியம் நானூற்றிருபது. வெப்பம் இருபத்தைந்து.
அதற்குக் கீழே, வேறு மையில்:
நத்தை பதினான்கு. நண்டு இரண்டு.
நீலக் குட்டிமீன் ஒன்று. (அதற்கு மட்டும் அடிக்கோடு.)
பாறையோடு ஒளிந்து வந்த ஏதோ ஒன்று
இரவில் ஓடுகளை உடைத்துத் தின்கிறது.

கண்ணாடியில் காதை வைத்தேன்.
குளிர்ந்திருக்கும் என்று நினைத்தேன்; வெதுவெதுப்பு.
பம்பின் முனகலைக் கழித்தேன். அவர் மூச்சைக் கழித்தேன்.
"இடப்பக்கம். அடியில். அந்த வளைந்த கல்."

கல்லை எடுத்துத் துளையில் சோடாவை ஊற்றினார்.
கட்டைவிரல் நீளம். பச்சை.
கும்பிடுபூச்சி இறால்.
கும்பிடத்தான் கை மடித்திருக்கும்,
மடிப்புக்குள் சம்மட்டி.
தண்டுக் கண்கள் தனித்தனியே சுழன்று
ஒன்று அவரைப் பார்த்தது, ஒன்று என்னை.
கொல்ல இருவருக்கும் கை வரவில்லை.

தனிப் பெட்டியில் விட்டார், சமையலறை மேடையில்.
அதற்கு நேர் கீழே என் தலையணை.
"பரவாயில்லையா?"
"தளம் கெட்டியானது" என்று பொய் சொன்னேன்.

மறுநாள் மாலை, விளக்கில் பார்க்க மறுபடி போனேன்.
இராட்சதச் சிப்பி
நீல உதட்டை விரித்துக் கிடந்தது.
உதடு நெடுகக் கண்களாம்;
ஆளைத் தெரியாது,
இருட்டுவது மட்டும் தெரியும்.
நான் குனிந்ததும் என் நிழலுக்கு மூடிக்கொண்டது.
மூன்று முறை.
நான்காம் முறை மூடவில்லை.
யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

மார்ச்சில், தொடர்ந்து ஆறு இரவு, சத்தமில்லை.
இரண்டேகாலுக்கு விழித்துக் கிடந்தேன்.
கணப்புக் குழாய்கூடப் பேசவில்லை.

ஏழாம் இரவு கோட்டை மாட்டிக்கொண்டு ஏறினேன்,
இந்தமுறை ஒரு சொல்லும் இல்லாமல்.

அலோய்ஸ் உதட்டில் விரல் வைத்தார்.
"சட்டை உரிச்சிருக்கு. கை இன்னும் இளசு.
கெட்டிப்படுகிறவரை அடிக்காது."

சிவப்பு வெளிச்சத்தில்
வளையின் வாசலை மணல் அடைத்திருந்தது.
வெளியே, ஒழுங்காக மடித்தபடி,
காலியாக,
அதன் பழைய கைகள்.